கொக்கி இலை ஆறு ஜோடி

மேசையில் இருந்த கண்ணாடித் தொட்டிக்குள் என் செடி நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஓர் அட்டை: ‘ஸ்டக்கி பிங்க். வளர்த்தவர்: வெண்டெல் ஸ்டக்கி.’

நீருக்கடியில் வளரும் சிவப்புத் தண்டுச் செடி அது. என் தொட்டியில் ஒரே ஒரு கிளையின் இலைகளில் மட்டும் இளஞ்சிவப்பு வரி தோன்றியது. அந்தக் கிளையை வெட்டி நட்டு, வெட்டி நட்டு, இரண்டு வருடம் காப்பாற்றினேன். ஜனவரியில் வீட்டு ஹீட்டர் கெட்டு, தொட்டி சில்லிட்டுப்போனது. செடி முழுவதையும் வெண்டெலிடம் கொடுத்துவைத்தேன். எங்கள் மீன்தொட்டி கிளப்பில் அவர்தான் பெரிய ஆள். பத்தாம் நாள் போன் செய்தார்.

“உருகிப்போச்சு குட்டி. ஒரு இலைகூட மிஞ்சல.”

அவருக்கு நன்றி சொல்லிவிட்டு அழுதேன். அந்த நன்றியை நினைத்தால்தான் இன்னும் உடம்பு எரிகிறது.

இப்போது பிப்ரவரி பத்து. சர்ச் அடித்தளக் கூடத்தில் நாற்பது பேர். இன்று கிளப் ஏற்றுக்கொண்டால் அந்தப் பெயரே செடிக்கு நிலைத்துவிடும்.

“என்ன அப்படி மொறைக்கிற? கண்ணாடி விரிசல் விட்டுடப் போவுது” என்றார் வெண்டெல்.

“இது என்னோடது.”

“பிங்க்கா இருக்கிறதெல்லாம் உன்னோடதா? பள்ளிக்கூடத்துலேருந்து பாதியில ஓடி வந்தவ நீ. மேடையேறிச் சொல்லு, பாப்போம்.”

நான் ஏறமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே நான் கதவுப் பக்கம் நகர்ந்துவிடுவேன்.

ஆனால் எனக்கு இலை பார்க்கத் தெரியும். குனிந்து, கீழிருந்து எண்ணினேன். பிறகு ஒரு சீட்டில் எழுதி, கேள்விப் பெட்டியில் போட்டேன். அதில் யாரும் பெயர் போடுவதில்லை.

வெண்டெல் மேடையில் மார்தட்டிக்கொண்டிருந்தார். “எட்டு மாசமா வளக்கறேன். வெறும் ஆர்.ஓ. தண்ணி. வேற சொட்டுத் தண்ணி என் தொட்டியத் தொட்டதில்ல.”

தலைவி லொரெய்ன் என் சீட்டைப் பிரித்துப் படித்தாள்: “கீழே பன்னிரண்டு ஜோடி இலைகள் அகலமாக, நேராக உள்ளன. மேலே ஆறு ஜோடி சிறுத்து, கொக்கிபோல் வளைந்துள்ளன. நுனி கருகியிருக்கிறது. இது கால்சியம் பற்றாக்குறை. பழைய இலையில் உள்ள கால்சியத்தைச் செடியால் புது இலைக்கு அனுப்ப முடியாது. அதனால் புது இலைதான் கெடும். உப்பெல்லாம் வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீரில் கால்சியம் கிடையாது. எட்டு மாதமும் அதே தண்ணீர் என்றால், கீழ் இலைகள் எப்படி நேராக வந்தன?”

கூடம் மேசையை மொய்த்தது. மிலோஷ் தாத்தா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எண்ணினார்.

“நாலு நாளைக்கு ஒரு ஜோடி விடும். ஆறு ஜோடி, இருபத்தி நாலு நாள். ஏம்ப்பா வெண்டெல், எட்டு மாசம்னியே, உன் வீட்டு காலண்டர்ல மாசத்துக்கு மூணே நாளா?”

சிரிப்பு வெடித்தது. வெண்டெலின் காது சிவந்தது.

“இங்க கால்சியம் நெறைஞ்ச கிணத்துத் தண்ணி யாருக்கு?” என்று லொரெய்ன் கேட்டாள்.

கையைத் தூக்கினேன். என் கை ஒன்றுதான். “இத நான்தான் அவர்கிட்டக் குடுத்துவெச்சேன்” என்றேன்.

“எப்பக் குடுத்தே?”

“ஜனவரி பதினேழு.”

அவள் அன்றிலிருந்து இன்றுவரை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். சரியாக இருபத்து நான்கு நாள். அட்டையை இரண்டாகக் கிழித்துப்போட்டு, கத்தரியை என்னிடம் நீட்டினாள்.

ஒவ்வொரு தண்டிலும் நேரான இலைகள் உள்ள கணுக்கள் அத்தனையையும் வெட்டி எடுத்தேன். அவற்றிலிருந்து புதுக் கிளை வரும். கருகிய கொக்கி நுனிகளை மட்டும் அவருடைய தண்ணீரிலேயே மிதக்க விட்டேன்.

“ஒரே ஒரு நல்ல கணு விட்டுட்டுப் போ குட்டி. இந்த நுனி பிழைக்காதுன்னு உனக்கே தெரியும்.” வெண்டெலின் குரல் உடைந்தது.

தெரியும். கத்தரியைத் துடைத்து வைத்துவிட்டு வந்தேன்.

மனம் ஆறவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் போவேன். அவர் எந்தச் செடியைக் கொண்டுவந்தாலும் முதல் வரிசையில் உட்கார்ந்து இலைகளை எண்ணுவேன்.