மஹருக்கு ஒரு பதிப்பு

முகைதீன்பாவா புத்தகத் தாளின் மூலையைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்துப் பார்த்தபோது, நல்லரெத்தினத்தின் கடையில் நின்ற ஒரேயொரு வாடிக்கையாளரும் மெல்ல நழுவிவிட்டார்.

"பாவா, அது நெல்லில்ல," என்றார் நல்லரெத்தினம்.

"ஈரம் பார்த்தன் மச்சான்."

கல்முனையில் நெல் வாங்கி விற்கும் முகைதீன்பாவாவுக்கு உலகத்தில் எதையும் பல்லால்தான் தெரியும். நன்றாகக் காய்ந்த மணி பல்லில் பட்டதும் 'டக்'கென்று உடையும். ஈரம் உள்ளது சத்தமில்லாமல் நசுங்கும். அவருடைய பல்லோ சாதாரணப் பல் அல்ல. நற்பிட்டிமுனையில் ஏக்கர் கணக்கில் வயல் வைத்திருந்த போடியார் ஒருவரின் நெல்லைக் கடித்துவிட்டு, "ஒங்கட வயல் வட்டையில போன மாசம் ஒரு மாடு செத்திரிக்கி" என்று சொன்னவர் அவர். செத்தது எருமை. அவருடைய பல் தவறியது அந்த ஒருமுறைதான் என்று இன்றைக்கும் ஊரில் வருத்தத்தோடு சொல்வார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் பழைய புத்தகக் கடைக்கு வந்ததற்குக் காரணம் உம்முஹானி டீச்சர்.

டீச்சர் ஓய்வுபெற்றவர், கணவரை இழந்தவர். அவர் வகுப்பெடுத்த காலத்தில் பள்ளிக்கூடத்து வாகைமரத்துக் காகங்கள்கூட இறக்கையை உயர்த்தி அனுமதி கேட்டுவிட்டுத்தான் கரையும் என்பார்கள். ஒருநாள் அவர் நேரே முகைதீன்பாவாவின் கடைக்கு வந்து, "ஒங்கட அரிசியில கல்லு இரிக்கி," என்றார். முகைதீன்பாவா அந்தக் கல்லுக்கு ஒரு வரலாறு சொன்னார்: மில்லுக்குள் மயில் பூந்தது, மயிலைத் துரத்த ஒரு ஆள் கல்லெறிந்தது, எறிந்த ஆள் பிறகு வெட்கத்தில் பொத்துவிலுக்கே குடிபோனது. டீச்சர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "கல்லு ஒண்டுதான். கதையிலதான் மூட்டைக் கணக்குல இரிக்கி," என்று சொல்லிப் போய்விட்டார். மனைவி காலமாகி, பிள்ளைகள் கட்டாருக்குப் போய், சாப்பாட்டுக் கடைச் சோற்றோடு காலம் தள்ளிக்கொண்டிருந்த மனிதருக்கு அன்றிரவு வீடு என்றுமில்லாதபடி பெரிதாகத் தெரிந்தது. தன் கதையைக் கடைசிவரை கேட்டுவிட்டு நம்பாமல் போன முதல் ஆள் அவர்தான்.

கலியாணத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்டார். மறுமொழி டீச்சரின் மகள் நுஸ்ஹாவின் தொலைபேசியில் வந்தது.

"மாமா, உம்மா வேணாமெண்டு செல்லல்ல. ஓமெண்டும் செல்லல்ல. மாப்பிள்ளை குடுக்கிற மஹரைப் பார்த்திட்டுத்தான் செல்லுவாவாம்."

"எவ்வளவு பவுண் மகள்?"

"பவுண் வேணாமாம். ஒரு புத்தகம்." நுஸ்ஹா அதன் பெயரைச் சொன்னாள். ஈராயிரம் வருடத்துக்கு முந்திய ஒரு யவன ஞானி, மனிதன் எப்படி வாழ்ந்தால் நல்லது என்று எழுதிய நூல். "வாசிக்கக்கூடிய பதிப்பாப் பார்த்து எடுத்து வரட்டாம். உம்மாவக் கேட்டு வந்த மற்ற ஆக்களுக்கும் இதைத்தான் சென்னவ."

மற்ற ஆட்கள் என்ற சொல் முகைதீன்பாவாவின் பல்லில் கல்லாக இடறியது.

நல்லரெத்தினம் காரைதீவிலிருந்து தினமும் சைக்கிளில் வந்து கடை திறப்பவர். புத்தகத்தை விற்பதைவிட விற்காமல் வைத்திருப்பதில் தேர்ந்தவர். மேசையில் அந்த நூலின் மூன்று பதிப்புகளைப் பரப்பினார். முதலாவது, தங்க எழுத்துப் பொறித்த கெட்டி அட்டை. அதை மேல்தட்டில் வைத்தால் அலுமாரி குனிந்து சலாம் சொல்லும். இரண்டாவது, பளபளக்கும் புதிய மொழிபெயர்ப்பு; அக்கரைப்பற்றுப் பட்டதாரி ஒருவர் அதன் மூன்றாம் அத்தியாயத்துக்குள் போய் இன்னும் வெளியே வரவில்லை, வீட்டார் சோற்றை அங்கேயே அனுப்புகிறார்கள். மூன்றாவதற்கு அட்டையே இல்லை. முதுகைச் சணல் நூலால் தைத்திருந்தது.

"ஒரே புத்தகம்தானே? என்னத்துக்கு மூண்டு?"

"மூண்டு பேர் தமிழாக்கினது பாவா."

முகைதீன்பாவா யோசித்தார். "வெளங்குது. ஒரே நெல்லு, மூண்டு மில்லு."

மூட்டை பார்க்கிறவனுக்கு ஒரு விதி உண்டு. வாயருகில் நல்ல நெல் இருக்கும், அடியிலும் இருக்கும். பதரை நடுவயிற்றில்தான் ஒளிப்பார்கள். அதனால்தான் குத்தூசியை நடுவில் இறக்குவது. புத்தகத்தையும் நடுவில் குத்திப் பார்ப்பதென்று முடிவாயிற்று. நல்லரெத்தினம் மூன்றிலும் ஒரே இடத்தைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்.

தங்க எழுத்துக்காரர் எழுதியிருந்தார்: 'ஏகாந்தவாசஞ் செய்வானொருவன் சற்குணசீலனாய்த் தோன்றல் எளிதாம், பரீட்சித்தற்குரியார் அவண் இன்மையின்.'

முகைதீன்பாவா தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிவிட்டு மீண்டும் வாசித்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

பளபளப்புக்காரர் எழுதியிருந்தார்: 'தனித்திருக்கும் தன்னிலையின் அறவயமாதல், பிறமையின் எதிர்கொள்ளலின்மையால் சிக்கலற்றதாகக் கட்டமைகிறது.'

"இதை மில்லில ரெண்டு தரம் தீட்டிட்டானுகள் மச்சான். தவிடும் இல்ல, அரிசியும் இல்ல. சத்தம் மட்டும்தான் மிச்சம்."

சணல் நூல்காரர் எழுதியிருந்தார்: 'தனியாக இருப்பவன் நல்லவனாக இருப்பது சுலபம். அவனைச் சோதிக்க வீட்டில் ஆள் இல்லை.'

முகைதீன்பாவா இதை இரண்டாம் முறை வாசிக்கவில்லை. புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இதுதான்," என்றார்.

"விசரா பாவா? மஹர் எண்டா சபைக்கு முன்னால தட்டில வைக்கிற பொருள். சணல் கட்டின சாமானைக் கொண்டு போனா ஒங்கட லாத்தாமார் என்ன சொல்லுவாங்க? படிச்ச பொம்புள என்ன நினைப்பா? தங்க எழுத்தை எடுங்க. நல்லாப் போற சரக்கு." கடைசிச் சொல்லைச் சொல்லும்போது நல்லரெத்தினத்தின் பார்வை ஏனோ மேசைக்குக் கீழே போனது.

முகைதீன்பாவாவுக்குத் தன் அக்காமாரான அந்த லாத்தாமாரின் சிரிப்பு இப்போதே காதில் கேட்டது. தட்டுக்குத் தங்க எழுத்து, தனக்குச் சணல் நூல் என்று இரண்டையும் வாங்கிக்கொண்டார். தான் கொடுக்கும் சரக்கில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் கொடுத்து அவருக்குப் பழக்கமில்லை.

அந்த வாரம் கடைக்கு நெல்லோடு வந்தவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. தராசுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து முதலாளி வாசித்தார். சில இடங்களில் தலையாட்டினார், சில இடங்களில் யவன ஞானிக்கு ஏசினார். நடுப்புத்தகம் தாண்டி ஒரு பக்கத்தில் வந்து நின்றவர், அதற்கு அப்பால் போகவில்லை. கைக்கெட்டிய ஒரு நெல்மணியை அடையாளத்துக்கு வைத்து மூடிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு டீச்சர் வீட்டுக்குப் போனார். தங்க எழுத்துக்குப் பட்டுத்தாள் சுற்றியிருந்தது. சணல் நூல் கைப்பைக்குள் கிடந்தது. அதை எதற்குக் கொண்டுபோனார் என்று கேட்டிருந்தால் அவருக்கே பதில் தெரியாது. நுஸ்ஹா தேத்தண்ணி வைத்தாள். டீச்சர் எதிரே அமர்ந்து பட்டுத்தாளைப் பிரித்தார், முகத்தில் ஒன்றுமில்லை.

முகைதீன்பாவா தற்செயலாகச் சுவரலுமாரியைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் அதே தங்க எழுத்து நின்றது. பக்கத்தில் இன்னொன்று. மற்ற ஆட்கள் கொண்டுவந்த இரண்டும் ஒரு தாள்கூடக் கசங்காமல் நின்றன. நல்லரெத்தினத்தின் பார்வை ஏன் கீழே போனதென்று இப்போது விளங்கியது.

"இதில என்ன செல்லிரிக்கி?" என்றார் டீச்சர், நடுப்பக்கத்தை விரித்தபடி.

"தனியா இரிக்கிறவன் நல்லவனா இரிக்கிறது லேசாம். அவனச் சோதிக்க வீட்டில ஆள் இல்லியாம்."

டீச்சரின் விரல் வரியில் ஓடியது. "அப்பிடி இதில இல்லியே. 'ஏகாந்தவாசஞ் செய்வான்' எண்டுதானே கிடக்கு."

பொய் சொல்வதற்கு அவருக்கு ஒரு நொடி கிடைத்தது. மயில், மில், பொத்துவில் எல்லாம் வாசலில் வந்து வரிசையாக நின்றன. அவர் ஒன்றையும் உள்ளே கூப்பிடவில்லை.

"அது சபைக்கு," என்றார். "நான் வாசிச்சது இது." சணல் நூலை எடுத்து மேசையில் வைத்தார். அந்தத் தங்க எழுத்துக்குப் பக்கத்தில் அது தோட்டக் கதவால் வந்த ஏழைச் சொந்தக்காரன் மாதிரி இருந்தது. நுஸ்ஹா சிரிப்பை அடக்கச் சமையலறைக்குப் போனாள்.

"முழுக்க வாசிச்சீங்களா?"

"இல்ல. ஒரு இடத்தில நிண்டிட்டன். அந்த ஆள் பிழை செல்றாரு."

"பிழையா?" டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டாயிரம் வருசமாப் படிக்கிறாங்க. என்ன பிழை?"

"கூட இரிக்கிற ஆள நல்லா அளந்து பார்த்துத்தான் தெரிவு செய்யணுமாம். டீச்சர், நான் அளந்தே சீவிக்கிறவன். அளந்து நெல்லு வாங்கலாம். ஆனா மூட்டை முழுக்கக் கடிச்சுப் பார்த்தா மறுகா விதைக்க என்ன மிஞ்சும்?" குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டதைக் கண்டு தணித்துக்கொண்டார். "அதுதான் அங்கால போக மனம் வரல்ல."

டீச்சர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"அடுத்த பக்கத்தில அவரே அதை இல்லெண்டு செல்லுவாரு," என்றார் மெதுவாக. "பக்கத்தப் பிரட்டிப் பார்த்திரிக்கலாம்."

முகைதீன்பாவாவுக்குக் காதுமடல் சுட்டது. "அப்ப நானும் அவரும் ஒரே கட்சி."

"ஒரு பக்கம் முந்திப் போயிட்டீங்க."

டீச்சர் சணல் நூலைக் கையில் எடுத்தார். அது தானாகவே, வாசிப்பு நின்றுபோன பக்கத்தில் விரிந்தது. நெல்மணி உருண்டு அவருடைய உள்ளங்கையில் விழுந்தது. அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார், நகத்தால் முனையைத் தட்டினார். அவரும் ஒரு போடியாரின் மகள்தான் என்பது அப்போதுதான் முகைதீன்பாவாவுக்கு நினைவு வந்தது.

உம்முஹானி டீச்சர் நெல்மணியைப் பல்லிடுக்கில் வைத்தார். சமையலறை வாசலில் நுஸ்ஹா கரண்டியோடு அசையாமல் நின்றாள். வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் நெல்லுக்குத் தீர்ப்புச் சொன்ன மனிதர், தேத்தண்ணிக் கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, காதை ஒரு பக்கம் சாய்த்து அந்த 'டக்'குக்காகக் காத்திருந்தார்.