கேபிள் தின்ற பன்றிகள்

வெண்ணந்தூர்ப் பக்கம் ஆண்ட்ரூஸ் வளர்த்த பன்றிக்குட்டிகள் வளர்ந்த வேகத்தை அப்படியே சொன்னால் நம்பமாட்டீர்கள். அதனால் குறைத்தே சொல்கிறேன். காலையில் தீவனத் தொட்டிக்குள் நுழைந்த மூஞ்சி சாயங்காலம் நுழையவில்லை.

பால் மறந்ததும் கழிச்சல் கண்டு சுருண்டு கிடந்த குட்டிகள்தான் அவை. மகள் லிடியாவின் கல்யாணப் பந்திக்கு ஆண்ட்ரூஸ் அவற்றைத்தான் நம்பியிருந்தார். கால்நடை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தீவனத்தில் மயில்துத்தம் கொஞ்சம் கலக்கச் சொன்னார். "காப்பர் சத்துங்க. கூடிப்போனா வெசம், அளந்து போடுங்க" என்றார். ஆண்ட்ரூஸ் அளந்து போட்டார். சாணம் கறுத்தது, குட்டிகள் பெருத்தன. அந்தப் பெருமையை டீக்கடையில் போய்ச் சொன்னார்:

"எம்பட குட்டியெல்லாம் காப்பர் தின்னு வளருதுங்க."

அதுதான் தப்பு. எங்கள் பக்கத்தில் கடவுளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசலாம், காப்பரைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. கிணற்று மோட்டார் கேபிளை அறுத்து, உள்ளே இருக்கும் கம்பியை உருவி விற்கிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. மறுநாளே பக்கத்துத் தோட்டத்துக் காளியண்ணன், தன் கிணற்றில் கேபிளைக் காணோம் என்று பன்றிக் கொட்டகைக்கு வந்து நின்றார்.

"ஏனப்பா ஆண்ட்ரூஸு, எம்பட கேபிளை எந்தப் பன்னிக்குப் போட்ட?"

"மாதாவே! அது பொடிங்கண்ணா. கடையில வாங்குனது."

"கம்பிய இடிச்சாலும் பொடிதான்."

கம்பி பட்டால் கத்தும் மீட்டரோடு வயர்மேன் பிரபாவைக் கூட்டிவந்தார்கள். பிரபா ஒரு முனையைப் பன்றியின் மூக்கிலும் இன்னொன்றை வாலிலும் வைத்தான். மீட்டர் கத்தியது. பன்றியும் கத்தியது.

"சேத்துல பொரண்டிருக்குதுங்க. ஈரத்துக்கும் மீட்டர் கத்தும்" என்றான் பிரபா.

"எம்பட கேபிளும் ஈரத்துலதான் கெடந்துச்சு" என்றார் காளியண்ணன்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. பெண்ணின் அப்பன் திருடன் என்று மாப்பிள்ளை வீட்டுக்குச் சேதி போனால் கல்யாணம் நின்றுவிடும். ஆண்ட்ரூஸ் காளியண்ணன் முன்னால் போய் நின்றார்.

"ஒன்ன அறுத்துப் பாத்துருங்கண்ணா. கம்பி இருந்தா எல்லாப் பன்னியும் உங்களுக்கு. இல்லீன்னா, நான் திருடன் இல்லீன்னு ஊர் முன்னால சொல்லோணும்."

அறுத்தார்கள். குடலில் கம்பி இல்லை. "கறியில ஊறியிருக்கும்" என்றார் காளியண்ணன். ஆண்ட்ரூஸின் மனைவி அக்சிலியா மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்து இறக்கினாள். பன்றி என்ற பேரைச் சொன்னாலே வாய் கொப்பளிக்கச் சொல்லும் வீட்டுக்காரரான காளியண்ணன், இலைபோட்டு உட்கார்ந்து துண்டு துண்டாகக் கடித்துச் சோதித்தார்.

"இதுல இல்ல. கொழுப்புப் பக்கம் இன்னும் பாக்கல, போடு சாமி."

மூன்றாவது தடவை பரிமாறும்போது அவர் மனைவி சௌந்திரம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"கேபிளத் தேடறீங்களாமா? மோட்டாரு, கேபிளு எல்லாம் சங்ககிரி வைண்டிங் கடையில ரிப்பேருக்குக் கெடக்குது. காத்தால நம்ம பையன் மோகன்குமாரு எடுத்துட்டுப் போறப்ப, வண்டியில தூக்கி வெச்சது ஆருங்க? அவன்கூட நீங்கதான புடிச்சீங்க?"

காளியண்ணன் நிதானமாக மென்று விழுங்கினார்.

"மறந்துட்டனாட்டம் இருக்குது. அக்சிலியா, ஈரல் ஏதாச்சும் இருக்குதா?"

"மொதல்ல ஊருகிட்டச் சொல்லுங்கண்ணா!" ஆண்ட்ரூஸ் இலையை இழுத்துவிட்டார்.

இலை போனதும் காளியண்ணன் எழுந்து நின்றார். "ஆண்ட்ரூஸு திருடன் இல்லீங்க. பன்னியும் இல்லீங்க." சௌந்திரம் அங்கேயே, அறுத்த பன்றிக்கு ஈடாக ரெண்டு கிடாய் தருவதாகச் சொன்னாள்.

லிடியா கல்யாணம் ஜோராக நடந்தது. ஒரு பக்கம் கிடாய்ப் பந்தி, மறுபக்கம் பன்றிப் பந்தி. பன்றிப் பந்தியில் முதல் இலையில் காளியண்ணன்.

"அண்ணா, உங்களுக்குக் கெடாய் அந்தப் பக்கமுங்க" என்றார் ஆண்ட்ரூஸ்.

"இருக்கட்டுமப்பா. அன்னைக்கு ஒரு பன்னியத்தான பாத்தோம்?"