தடுக்கல்

மூன்றாவது வருடமாக அதே கேள்வி வந்திருந்தது. எங்கள் வகுப்பின் பன்முகத்தன்மைக்கு நீங்கள் எதைக் கொண்டுவருவீர்கள்? ஜூலை பிறந்ததும் மருத்துவக் கல்லூரிகள் இதை அனுப்பத் தொடங்கிவிடும். ஆளுக்கொரு மாதிரி கேட்டாலும் எல்லோருக்கும் வேண்டியது ஒன்றுதான். உன்னிடம் மற்றவர்களிடம் இல்லாதது என்ன, சொல்.

நானும் கலியாவும் டுலாரே என்ற ஊரில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வேலை செய்தோம். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துக்கொண்டே சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்று கணினியில் அடிப்பது எங்கள் வேலை. இடம் கிடைக்காதவர்கள் அடுத்த வருடத்துக்காகக் காத்திருக்கும் மண்டபம் அது. கலியா மோங் இனப் பெண். அவள் பெற்றோர் லாவோஸிலிருந்து அகதிகளாக வந்தவர்கள்.

"போன வருஷம் என்ன எழுதினே?" என்றாள், சாப்பாட்டு அறையில்.

"திருவிழா சூப்."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அதே சூப்தான். புதினா கொஞ்சம் கம்மி."

அவள் மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். எங்கள் போர்ச்சுகீசியத் திருவிழாவில் ரொட்டித் துண்டுகள்மேல் மாட்டிறைச்சிச் சாறு ஊற்றி, புதினா போட்டு, ஊரில் யார் வந்தாலும் இலவசமாகக் கொடுப்பார்கள். அதைத்தான் எழுதியிருந்தேன். தீவிலிருந்து வந்த மக்கள், பகிர்ந்துண்ணும் பண்பு, அப்படியே மருத்துவத்துக்கு ஒரு பாலம்.

"சூப்பைக் குடிச்சிட்டு கிண்ணத்தைக் கவுத்து வெச்சுட்டாங்கடி உனக்கு."

"உனக்கென்ன, அகதிக் கதை இருக்கு. ஒரே மூச்சுல எழுதிடுவே."

"எது? எங்கப்பா இதுவரைக்கும் இருபது காலேஜுக்காக மீகாங் ஆத்தை நீந்திட்டாரு. கை வலிக்குதாம் பாவம். எல்லா மோங் பிள்ளைங்களும் அவங்கவங்க அப்பாவை அதே ஆத்துலதான் தள்ளிவிடுதுங்க." அவள் கரண்டியை என்னை நோக்கி நீட்டினாள். "உங்க வீட்டுல ஒண்ணுமே நடக்கலையா? யாரும் ஜெயிலுக்குப் போகலை? ஒரு குடிகாரன்கூட இல்லை?"

"எங்கப்பாவை ஊரே குடிகாரர்னுதான் சொல்லும்."

"இதை ஏண்டி மூணு வருஷமா மறைச்சு வெச்சே!"

"அவர் குடிக்க மாட்டார்" என்றேன்.

அதுவரை யாரிடமும் சொல்லாததை அன்று அவளிடம் சொன்னேன்.

எங்கள் முன்னோர் அசோர்ஸ் தீவுக்கூட்டத்தில் ஃப்ளோரெஸ் என்னும் சின்னத் தீவிலிருந்து வந்தவர்கள். நான் பார்த்ததில்லை. பகல் கனவில் மட்டும் அடிக்கடி போய்வருவேன். எப்போதும் மழை பெய்துகொண்டிருக்கும், வேலிகளில் நீலப்பூ பூத்திருக்கும். அங்கிருந்து மாட்டுப் பண்ணை வேலையோடு இன்னொன்றும் கப்பலேறி வந்தது. அதற்கு எங்கள் மொழியில் தடுக்கல் என்று பெயர். முப்பது, நாற்பது வயதில் கால் தடுக்க ஆரம்பிக்கும். நடை தள்ளாடும், பேச்சு குழறும். பிறகு நாற்காலி, பிறகு கட்டில். புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும். பெற்றவருக்கு இருந்தால், பிள்ளைக்கு வருவதும் வராததும் நாணயம் சுண்டுவதுபோல.

அப்பா எவரிஸ்டோவுக்கு அது தொடங்கியபோது ஊரில் யாரோ, "காலையிலேயே ஏத்திட்டியா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வெளியே போகும்போதெல்லாம் கையில் ஒரு பீர் பாட்டில் வைத்துக்கொண்டார். சிறுமியாக இருந்தபோது, பெரியவர்கள் குடிப்பது எப்படி இருக்கும் என்று பார்க்க, ஒளிந்து ஒரு வாய் குடித்தேன். வெயிலில் சூடாகிப்போன குழாய்த் தண்ணீர்.

கலியா சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள்.

"எழுது" என்றாள். "அந்தப் பாட்டில்லேர்ந்து ஆரம்பி."

"படிக்கிறவங்க என்னைப் பத்தி யோசிக்க மாட்டாங்களா? எனக்கும் இருக்குமோன்னு?"

"கேக்கக் கூடாது. சட்டம் இருக்கு."

"கேக்க மாட்டாங்க. யோசிப்பாங்க. நாப்பது வயசுல கை நடுங்கப்போற டாக்டருக்கு எதுக்கு ஒரு சீட்டுன்னு."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. அதனால்தான் அவளுக்கும் இடம் கிடைக்கவில்லையோ என்னவோ.

இருந்தும் எழுதினேன். இரண்டு வருடமாக இழுத்து இழுத்து எழுதிய சூப் கட்டுரையைப்போல் இல்லை இது. உட்கார்ந்தேன், வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் மொழியில் சொல்லிச் சொல்லி வீட்டில் வாசித்துக் காட்டினேன். அப்பா சக்கர நாற்காலியில். அம்மா பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் குவால்ட்டர் பண்ணை பூட்ஸைக் கழற்றாமலே வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். முப்பத்தொரு வயது. அக்டோபரில் கல்யாணம். மணப்பெண் நத்தாலியாவின் அப்பாதான் எங்கள் திருவிழா மண்டபத்தின் தலைவர். அந்த வருடம் திருவிழாவின் வெள்ளிக் கிரீடத்தைத் தேவாலயத்திலிருந்து மண்டபத்துக்கு ஏந்திவரும் பாக்கியத்தை மாப்பிள்ளைக்கே கொடுத்திருந்தார்.

முடித்ததும் அம்மா துணியைக் கீழே வைத்தாள்.

"இதை அனுப்பினா உங்கண்ணன் கல்யாணத்தை நீயே நிறுத்தினதா ஆயிடும்."

"அம்மா, இதை ஊர்ல யாரும் படிக்க மாட்டாங்க. எங்கேயோ ஒரு கமிட்டி."

"நத்தாலியாவோட சித்தப்பா டாக்டர். அவருக்குத் தெரியாத கமிட்டி எது? குடிகாரன் வீட்டுல பொண்ணு குடுப்பாங்கடி. குடியை விடவைக்கலாம்னு நினைச்சுக் குடுப்பாங்க. இந்த ரத்தத்தை எதை வெச்சு விடவைப்பே?"

"எனக்காகப் பாக்காதீங்க" என்றான் குவால்ட்டர். "டாக்டரம்மா சீட்டு வாங்கட்டும். நான் மாட்டைக் கட்டிக்கிறேன். அதுங்க ரத்தம் கேக்காது."

"வாயை மூடுடா."

அவன் சிரித்துவிட்டு என்னைப் பார்க்காமல் வெளியே போனான்.

அம்மா எனக்கு எதிரே உட்கார்ந்தாள். குரல் இறங்கியிருந்தது. "உனக்குக் கஷ்டப்பட்ட கதைதானே வேணும்? குடிகாரன் பொண்ணுன்னு எழுது. ஊரே சாட்சி சொல்லும்."

"பொய்ம்மா."

"பதினஞ்சு வருஷமா அதுலதானே குடித்தனம் பண்றோம். இன்னும் என்ன பொய்?"

அப்போது அப்பாவிடமிருந்து சத்தம் வந்தது. அவர் பேசுவது வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் புரியும். ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பிடித்தார்.

"எழுதும்மா. நல்லாக் குடிச்சேன்னு எழுது. விஸ்கின்னு போடு. பீர்னா... மதிக்க மாட்டாங்க."

நாங்கள் மூவரும் சிரித்தோம். அம்மாவின் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். அந்த வீட்டில் பிறகு அப்படிச் சிரித்ததாக நினைவில்லை.

எழுதினேன். குடிகாரத் தகப்பன், அவரைத் தாங்கி வீட்டுக்கு அழைத்துவரும் சிறுமி, அவமானம் அவளுக்குக் கற்றுக்கொடுத்த பரிவு. காட்சிகள் எல்லாம் உண்மை. நான் தாங்கியிருக்கிறேன், ஊர் சிரித்திருக்கிறது. பாட்டிலில் இருந்ததை மட்டும் மாற்றினேன். கலியா வாசித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிக் காகிதத்தைக் குப்புற வைத்தாள்.

மூன்று வருடத்தில் முதல்முறையாக ஒரு கல்லூரி நேர்காணலுக்கு அழைத்தது. செப்டம்பரில், கணினி வழியாக. மேலே கோட், கீழே வீட்டுப் பைஜாமாவோடு என் அறையில் உட்கார்ந்தேன். திரையில் வெள்ளை முடி வைத்த ஓர் அம்மாள். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"உங்க கட்டுரையைப் படிச்சு அழுதுட்டேன்மா. எங்கப்பாவும் குடிச்சார். இதைத் துணிஞ்சு எழுதறதுக்கு ஒரு நேர்மை வேணும்."

நன்றி என்றேன்.

"இப்போ எப்படி இருக்கார்? விட்டுட்டாரா?"

"விட்டுட்டார். இப்போ பாட்டிலைத் தொடறதே இல்லை."

அதுவும் உண்மைதான். அவர் விரல்களால் எதையும் பிடிக்க முடியாமல் போயிருந்தது.

"அப்போ நம்பிக்கை இருக்கு" என்று அந்த அம்மாள் சொன்னார். அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்க்க முடியாமல், கேமராவுக்குமேல் சுவரில் இருந்த ஆணியைப் பார்த்தேன்.

முடிந்ததும் கோட்டைக் கழற்றாமலே பின்வாசலுக்கு வந்தேன். அடுப்புபோல் வெயில். கொட்டகைப் பக்கம் குவால்ட்டரின் வண்டி நின்றது. பின்பலகையை இறக்கி அதில் உட்கார்ந்திருந்தான். கையில் பீர் பாட்டில்.

"டாக்டரம்மா! எப்படிப் போச்சு?"

"கட்டுரை அந்தக் காலேஜ் அம்மாவுக்குப் பிடிச்சிருக்கு."

"பின்னே, யாரோட அப்பா?"

பகலில் அவன் குடிப்பதை நான் பார்த்ததில்லை. மாடு கறக்கிறவன் பொழுது சாயாமல் குடிக்க மாட்டான் என்று அவனே சொல்வான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பீர் வாடை இல்லை. பாட்டிலை வாங்கி ஒரு வாய் குடித்தேன்.

வெதுவெதுப்பாக இருந்தது. எங்கள் குழாயின் துருச் சுவை.

மாடுகள் நிழலுக்காக ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன.

"எப்போலேர்ந்து?"

"திருவிழாவுல கிரீடம் தூக்கிட்டு வந்தேன்ல. மண்டபப் படியில கால் தடுக்கிடுச்சு. புது ஷூன்னு நினைச்சேன்." பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நத்தாலியா அப்பா முதுகுல தட்டி, என்ன மாப்ளே, காலையிலேயேவான்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் ஆமான்னு சிரிச்சேன். எவ்வளவு சுலபமா வருது தெரியுமா அந்த ஆமாம்?"

"நத்தாலியாகிட்ட சொல்லணும், அண்ணா."

"நீ அந்தம்மாகிட்ட சொன்னியா?"

பாட்டில் இன்னும் என் கையில்தான் இருந்தது. என் நகம் அதில் ஒட்டியிருந்த காகிதத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்ததை அவன் பார்த்த பிறகுதான் நானும் பார்த்தேன். அவன் மெதுவாக என் விரலை விலக்கினான்.

"லேபிளைக் கிழிக்காதே. வேணும்."