கையெழுத்துக்கு மேல காலி இடம்

மகாராணியைப் பார்க்க ஆளுங்க வராங்கன்னாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். சாயங்கால வெளிச்சம் போறதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிடும். திரை விழுந்து அஞ்சு நிமிஷம் ஆகியிருக்காது, மேக்கப் ரூம் வாசல்ல வரிசை கட்டிடுவாங்க. உள்ள நான் ஒருத்தி, ஊக்கைக் கழட்டவா, சவுரியைப் பிரிக்கவா, கிரீடத்தைப் பெட்டியில வைக்கவான்னு அல்லாடிக்கிட்டு இருப்பேன். "ஒரே ஒரு நிமிஷம்மா"ன்னு கதவுக்குள்ள தலையை விடுவாங்க. ஒரு நிமிஷமாம்! அது எத்தனை நிமிஷம்னு என் முட்டியைக் கேளுங்க, சொல்லும்.

மகாராணின்னு நான் சொல்றது எங்க நாடகக் கம்பெனியோட பெரிய நடிகையை. மேடையில எப்பவும் ராணி வேஷம்தான், கீழ இறங்கினாலும் அது முழுசா கலையாது. பன்னெண்டு வருஷமா அவளுக்குத் துணிமணி பார்க்கிறவ நான். நல்ல பொண்ணு, குத்தம் சொல்லக் கூடாது. ஆனா கடிதத்துக்குப் பதில் எழுதச் சொன்னா மட்டும் உடம்பு வணங்காது. ரசிகருங்க எழுதற கடிதம் மூட்டை மூட்டையா வரும். இவ என்ன பண்ணுவா? ஐம்பது வெறுந்தாளை எடுத்து, அடியில கையெழுத்தை மட்டும் கடகடன்னு போட்டு, "அக்கா, மேல நீயே ஏதாவது எழுதிடு"ன்னு என் மடியில போட்டுட்டுப் போயிடுவா.

ஏதாவதுன்னா என்னத்தை எழுதறது? "உங்கள் அன்புக்கு நன்றி." அவ்வளவுதானே? கையெழுத்தோ தாளோட அடியில இருக்கு. நடுவுல ஒரு முழம் இடம் மொட்டையா நிக்குது. பார்க்கிறவங்க ஏதோ விட்டுப்போச்சுன்னு நினைக்க மாட்டாங்களா? அதை ரொப்பத்தான் நான் எழுத ஆரம்பிச்சேன். இன்னிக்கு மழை, துணி காயல. மூணு படி ஏறினா முட்டி உயிரை எடுக்குது. என் மருமக பாத்திரத்தைக் கவுத்து வைக்க மாட்டேங்கிறா. மகாராணிக்குக் கல்யாணமே ஆகல, அதனால மருமகளைத் தங்கச்சின்னு மாத்திக்கிட்டேன். புத்தி அந்த மட்டும் வேலை செஞ்சது.

மத்தவங்க ஒரு பதிலோட அடங்கிடுவாங்க. ஒரு தையல்காரம்மா மட்டும் விடல. எனக்கும் முட்டி வலின்னாங்க, உங்க தங்கச்சி மாதிரியே எனக்கு ஒரு மருமக இருக்கான்னாங்க. அப்புறம் நாலு வருஷம் மாசத்துக்கு ஒரு கடிதம். போன வருஷம் அவங்க வீட்டுக்காரர் தவறிப்போனப்ப, மகன் தையல்கடையை மூடிட்டுத் தன் வீட்டோட வந்துடச் சொல்றான், என்ன பண்ணட்டும்னு கேட்டாங்க. நான் சும்மா இருந்திருக்கலாம். "போகாதீங்க. கையில தொழில் இருக்கிற வரைக்கும் யார் வீட்டு மூலையிலயும் போய் உட்காராதீங்க"ன்னு எழுதினேன். அடியில மகாராணி கையெழுத்து.

அந்தம்மா கடையை மூடல. மகனோட பேச்சுவார்த்தையே நின்னுபோச்சு. "நீங்க சொன்ன ஒரு வார்த்தையை நம்பித்தான் உட்கார்ந்திருக்கேன், நேர்ல வந்து உங்க கையைப் பிடிச்சுக்கணும்"னு எழுதினாங்க. கம்பெனி வெளியூர் போகுதுன்னு புளுகினேன். நேர்ல வந்தா குட்டு உடைஞ்சிடும். என் வேலை போறது ஒரு பக்கம் இருக்கட்டும். அவ்வளவு பெரிய நடிகை எனக்காக யோசிச்சுச் சொன்னாங்கன்னு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற மனுஷி, நாலு பேர் முன்னாடி அசடாகிப் போவாங்களே. அதைத்தான் என்னால தாங்க முடியாது.

வந்தே வந்துட்டாங்க. நேத்து ஆட்டம் முடிஞ்சு கதவைத் திறந்தா, வரிசையில முதல் ஆள். கழுத்துல அளவு டேப். கழட்ட மறந்துட்டாங்க போல. கையில ஒரு துணிப்பை. "நான்தாம்மா, தையல்கடை"ன்னு நேரா மகாராணி கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"வாங்கம்மா வாங்கம்மா"ன்னா இவ, எல்லாருக்கும் சிரிக்கிற அதே சிரிப்போட.

"நீங்க சொன்னபடி கடையை மூடல."

"எந்தக் கடை?"

நான் பின்னாடியிருந்து அவ விலாவுல ஊக்காலேயே ஒரு குத்துக் குத்தினேன். "ஆ! ஆமா ஆமா, கடை! மூடாதீங்க, நல்லா நடத்துங்க"ன்னா. தையல்காரம்மா முகம் லேசா மாறிச்சு. ஆனாலும் பையிலேர்ந்து ஒரு முட்டி உறையை எடுத்தாங்க. ரெண்டு பக்கமும் எலாஸ்டிக் வெச்சு, உள்ள மெத்துன்னு பஞ்சு கொடுத்து, என்ன தையல்ங்கிறீங்க! "அளவு கேட்டு எழுதினேனே, பதினெட்டு இன்ச்சுன்னு அனுப்பினீங்களே, அதுக்குத் தைச்சது"ன்னாங்க.

பாவி நான்! கேட்டாங்களேன்னு டேப்பை எடுத்து என் காலையே அளந்து அனுப்பித் தொலைச்சிருக்கேன்.

"முட்டியா? எனக்கா?"ன்னு மகாராணி முழிச்சா. கண்ணைக் காட்டினேன். உடனே புரிஞ்சுக்கிட்டா, அதுல கெட்டிக்காரி. ஆனா நடிகையாச்சே, அளவா நடிக்கத் தெரியுமா? "ஐயோ, அதை ஏன் கேட்கறீங்க, உயிர் போகுது"ன்னு நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டுச் சாஞ்சா. பத்து நிமிஷம் முன்னாடிதான் சிம்மாசனத்துலேர்ந்து மூணு படியை ஒரே தாவாத் தாவி இறங்கியிருக்கா. அந்தம்மா ரெண்டாவது வரிசையில உட்கார்ந்து பார்த்திருக்காங்க. அதோட விட்டாளா? உறையை மாட்டிக்கிட்டு ரெண்டடி நொண்டி வேற காட்டினா. அவ கால் மூங்கில் குச்சி. உறை நழுவிக் கணுக்கால்ல போய் உட்கார்ந்துக்கிச்சு.

பின்னாடி நின்ன ரெண்டு பேர் சிரிச்சாங்க. தையல்காரம்மா சிரிக்கல. அந்தக் காலைப் பார்த்தாங்க. அப்புறம் மெதுவா என் பக்கம் திரும்பி, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நான் நிக்கிறதைப் பார்த்தாங்க. நாப்பது வருஷம் அளவெடுத்த கண்ணு. புடவைக்கு மேலேயே அளந்துடுச்சு.

"அளவு தப்பாயிடுச்சும்மா. சரி பண்ணிக்கிறேன்"னு சொல்லி உறையைக் கழட்டி மடிச்சு எடுத்துக்கிட்டு வெளிய போனாங்க. மகாராணியைத் திரும்பிக்கூடப் பார்க்கல.

நான் கிரீடத்தைப் போட்டது போட்டபடி நொண்டிக்கிட்டே பின்னாடி ஓடினேன். நடையில பழைய சிம்மாசனம் ஒண்ணு கால் உடைஞ்சு கிடக்கும், அதுக்குப் பக்கத்துல பிடிச்சேன்.

"நாலு வருஷமா?"ன்னாங்க. "என் வீட்டுக்காரர் போனதுக்கு அழுது எழுதினேனே, அது?"

"நான்தான்."

"அந்தத் தங்கச்சி?"

"என் மருமக."

"அடக் கடவுளே! பெரிய இடத்துப் புத்திமதின்னு நெனச்சேன். ஊக்கு மாட்டற பொம்பளை பேச்சைக் கேட்டுக்கிட்டா பெத்த பிள்ளையோட சண்டை போட்டேன்?"

எனக்கும் சுள்ளுன்னு ஏறிடுச்சு. தப்பு என் மேலதான், ஆனா ஊக்கு மாட்டறவன்னா இளப்பமா? "அவளைக் கேட்டிருந்தா 'அன்புக்கு நன்றி'ன்னு ஒரு வரி வந்திருக்கும். அதை வெச்சுக்கிட்டு நீங்க மகன் வீட்டு மூலையில உட்கார்ந்திருப்பீங்க. கடை ஓடுதா, இல்லையா? அதைச் சொல்லுங்க முதல்ல."

அவங்க டேப்போட நுனியை விரல்ல சுத்தறதும் பிரிக்கிறதுமா நின்னாங்க.

"ஓடுது"ன்னாங்க கடைசியில, ரொம்பக் கோபமா.

அப்புறம் உடைஞ்ச சிம்மாசனத்துல என் தோளைப் பிடிச்சு அழுத்தி உட்கார வெச்சாங்க. அது ஒரு பக்கம் சாஞ்சுது. "எந்தக் கால்? அதைக்கூட ஒழுங்கா எழுதலையே நீங்க"ன்னு திட்டிக்கிட்டே குனிஞ்சு, உறையை என் வலது முட்டிக்கு ஏத்திவிட்டாங்க. சிக்குனு பிடிச்சுக்கிச்சு.

அந்த நேரம் பார்த்து மகாராணி உள்ளயிருந்து கத்தறா: "அக்கா! பாவம் அந்தம்மா, ஒரு மாதிரியாப் போனாங்க. நல்லதா நாலு வரி பதில் எழுதிடு. கையெழுத்துப் போட்ட தாள் டிராயர்ல இருக்கு!"

தையல்காரம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாங்க.

"எழுதுங்க, ஆனா அந்தத் தாள்ல வேணாம். வெறுந்தாள்ல எழுதுங்க"ன்னாங்க.