இருநூற்று முப்பத்தொன்று

தம்பி உலகத் தரவரிசையில் இருநூற்று முப்பத்தொன்றாவது இடத்துக்கு வந்த அன்று, அப்பா தன் டயர் கடை வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பேனர் கட்டினார். மகனின் முகத்தைவிட எண் பெரிதாக இருந்தது. டயர் மாற்ற வந்தவர்கள், பஞ்சர் ஒட்ட வந்தவர்கள், சும்மா வழி கேட்க நின்றவர்கள் என யாரும் அந்த எண்ணின் பெருமையை முழுதாகக் கேட்காமல் நகர முடியவில்லை.

அக்காவுக்கு அந்தப் பெருமையின் எடை தெரியும். டென்னிஸ் கிளப்பில் மாடிப்படிக்கு அடியிலிருந்த சின்ன அறையில் ராக்கெட்டுகளுக்கு ஸ்ட்ரிங் கட்டுவது அவள் வேலை. முப்பத்து நான்கு வயதிலும் மாதம் ஒரு போட்டிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போவாள். முதல் சுற்றில் ஜெயித்தால் ஒரு பாயின்ட், காலிறுதிவரை போனால் மூன்று. அப்படிப் பொறுக்கிச் சேர்த்தது மொத்தம் பதினான்கு பாயின்ட். பெண்கள் பட்டியலில் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டாவது இடம். அப்பா அந்த எண்ணை ஒருநாளும் கேட்டதில்லை.

தம்பியை மேலே தூக்கிவிட்டது ஒரே ஒரு போட்டி. அதில் கிடைத்தது எழுபத்தைந்து பாயின்ட். காலிறுதியில் எதிராளிக்குக் கணுக்கால் சுளுக்கியது. அரையிறுதியில் வந்தவனுக்குக் காய்ச்சல். இறுதி ஆட்டத்தில் நின்றவன் சர்வீஸையெல்லாம் வலையில் அடித்துக் கோப்பையைக் கையில் திணித்துவிட்டுப் போனான். ஜெயித்தது ஜெயித்ததுதான், அதை அவள் குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் செய்ததைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை.

அடுத்த இரண்டு போட்டிகளிலும் முதல் சுற்றிலேயே தோற்றான். முதல் சுற்றில் தோற்றால் பூஜ்யம். அதோடு போட்டிக்குப் போவதையே நிறுத்திவிட்டான்.

"ஆடினாத்தானே தோப்போம்? கிடைச்ச இடத்தைப் பத்திரமா வச்சுக்கிறேன்" என்றான்.

"சாம்பியன் சொல்றது சரிதான். கஷ்டப்பட்டு வாங்கினதை எவனாவது தெருவுல கொண்டுபோய் இறைப்பானா?" என்றார் அப்பா. மகனை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பல மாதங்களாகிவிட்டன.

மூன்றாவது மாதம், ஒரு திங்கட்கிழமை காலையில் தம்பி போனைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரிங் அறைக்குள் நுழைந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, முன்னூத்தி நாலுன்னு காட்டுது. நான் யார்கிட்டயும் தோக்கவே இல்லையே! அப்புறம் எப்படி இறங்கும்?"

அவள் மெஷினில் மாட்டியிருந்த ராக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பத்து வருஷமா இந்த ஆட்டத்துல இருக்க. பாயின்ட் எத்தனை நாளைக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"எத்தனை நாளைக்கு?"

"அம்பத்திரண்டு வாரம். போன வருஷம் இதே வாரத்துல வாங்கினது இந்தத் திங்கக்கிழமை செத்துப்போகும். அந்த இடத்துல புதுசா என்ன வாங்கினியோ அதைப் போடுவாங்க. நீ ஒண்ணும் வாங்கல. பூஜ்யம். இது சொந்த வீடு இல்லடா, பஸ் பாஸ். தேதி முடிஞ்சா இறக்கி விட்டுடுவான்."

"எல்லாருக்கும் அப்படித்தானா?"

"முதல் இடத்துல இருக்கிறவனுக்கும் அப்படித்தான். அதனாலதான் அவன் ஆடிக்கிட்டே இருக்கான். நீ உக்காந்த இடத்துலயே உக்காந்திருந்தாலும் பின்னாடி வர்றவன் தாண்டிப் போய்க்கிட்டே இருப்பான். போய் ஆடு."

அவன் ஆடப் போகவில்லை. விதிகளில் ஓட்டை தேடப் போனான். அதற்கு மட்டும் அவனுக்குச் சோம்பலே கிடையாது. காயத்தால் ஆறு மாதத்துக்குமேல் ஆட முடியாதவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. காயம்பட்ட முதல் மூன்று மாதங்களின் சராசரி இடத்தைக் காட்டி, திரும்பி வரும்போது போட்டிகளில் நுழையலாம். நுழைவதற்கு மட்டும்தான், பாயின்ட் ஒன்றும் திரும்பி வராது. உண்மையாகவே முட்டி உடைந்தவர்களும் தோள் கிழிந்தவர்களும் மறுபடி அடிமட்டத்திலிருந்து தொடங்காமல் இருப்பதற்கான ஏற்பாடு.

அப்பாவிடம் வழக்கமாக டயர் மாற்றுகிற எலும்பு டாக்டர் ஒருவர், கடைசியாக ஆடிய தேதியிலிருந்தே வலது தோளில் தசை கிழிந்திருப்பதாக எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு யாராவது வந்தால் தம்பி கழுத்தில் துணித் தொட்டில் கட்டிக் கையை அதில் போட்டுக்கொள்வான். அவர்கள் போனதும் கழற்றிவிட்டு வீடியோ கேம் ஆடுவான்.

"வெட்கமா இல்லையாப்பா?" என்று சாப்பாட்டு மேசையில் அக்கா கேட்டாள். "நிஜமா அடிபட்டவன் எத்தனை பேர் இருக்கான்."

"உனக்குப் பொறாமை. நீ ஆயிரத்தைக் கட்டி அழுற, அவன் இருநூறுல இருக்கான்."

"இருந்தான்."

அப்பா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். தம்பி தலை நிமிராமல் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டான். தோள் கிழிந்தவன் குழம்புச் சட்டியை வலது கையாலேயே தூக்கிய லட்சணத்தைப் பார்த்தபோது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கு எதிரே ஒரு ஆள் வேண்டுமே.

வருடம் முடிந்தது. சராசரி இருநூற்று அறுபத்தெட்டு என்று கணக்கிட்டு அனுமதி வந்தது. போன வருடம் கோப்பை வாங்கிய அதே போட்டிக்கு அவன் பெயர் கொடுத்தான். உண்மையான இடம் அப்போது ஐந்நூற்று அறுபத்தேழு. பழைய பாயின்ட் எல்லாம் உதிர்ந்து, அந்த எழுபத்தைந்து மட்டுமே ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்பா கடையை மூடிவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அக்கா கம்பி வேலிக்குப் பின்னால் நின்றாள். எதிரே வந்தவன் தகுதிச் சுற்றில் இரண்டு நாள் வெயிலில் மல்லுக்கட்டி ஜெயித்து உள்ளே வந்தவன். உதடு வெடித்திருந்தது, முழங்காலில் பழைய கட்டு. ஒவ்வொரு பந்துக்கும் உயிரைக் கொடுத்து ஓடினான். தம்பி ஒவ்வொரு பந்துக்கும் நடுவரைப் பார்த்தான். முதல் செட் ஆறுக்கு ஒன்று. இரண்டாவதில் மூன்றுக்குப் பூஜ்யம் ஆனதும் தோளைப் பிடித்துக்கொண்டு வலையருகே போய், இனி ஆட முடியாது என்று கை கொடுத்தான். மொத்தம் முப்பத்தெட்டு நிமிடம்.

"பாவம், தோள் இன்னும் ஆறலை" என்று அப்பா பக்கத்தில் இருந்தவரிடம் சத்தமாகச் சொன்னார். அவர் எதுவும் கேட்கவே இல்லை.

எழுபத்தைந்து விழுந்த திங்கட்கிழமை, பட்டியலில் அவன் பெயரே இல்லை. அப்பா கடைசிப் பக்கம்வரை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"வெப்சைட்ல ஏதோ கோளாறு" என்றார்.

"கோளாறு இல்லப்பா. ஒரு பாயின்டாவது இருந்தாத்தான் பேர் வரும்."

"அவன் எட்டின உச்சம் எட்டினதுதான். அதை எவனாலயும் அழிக்க முடியாது, தெரியும்ல?"

அது உண்மை. ஒருவன் தொட்ட உயரத்தை எந்தத் திங்கட்கிழமையும் அழிப்பதில்லை. அந்த ஒரு விதியை மட்டும் அப்பாவும் மகனும் மனப்பாடம் செய்திருந்தார்கள். இரண்டே மாதத்தில் கிளப்பின் பின்புற கோர்ட்டுகளில் தம்பி பயிற்சிப் பள்ளி தொடங்கினான். பலகையில் உலகத் தரவரிசை என்று பொடி எழுத்திலும் 231 என்று பூதாகரமாகவும் இருந்தது. எந்த வருடம் என்று எழுத இடம் போதவில்லை போலும்.

சேர்க்கை நாளன்று ஓர் அம்மாள் மகளைக் கையில் பிடித்தபடி ஸ்ட்ரிங் அறை வாசலில் நின்று கேட்டாள். "நீங்க அவரோட அக்காவாமே? அவர் இன்னும் அந்த இருநூத்தி முப்பத்தொண்ணுலயேதான் இருக்காரா?"

"இல்லைங்க. இப்ப லிஸ்ட்லயே கிடையாது."

பின்னால் வந்த அப்பாவின் முகம் கறுத்தது. அந்த அம்மாள் ஒரு கணம் யோசித்தாள்.

"பரவால்ல, ஒரு காலத்துல இருந்தாருல்ல?" என்று சொல்லிவிட்டு, படிவம் எங்கே கிடைக்கும் என்று அப்பாவிடம் விசாரித்தாள். அப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வருடமாகத் தம்பியின் மேலும் அப்பாவின் மேலும் வைத்திருந்த இளக்காரத்தை இனி ஊருக்கே பங்குபோட வேண்டியிருக்குமே என்று நினைத்தாள். மெஷினை நிறுத்தி, கதவைப் பூட்டி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு அவளுக்கு முதல் சுற்று. எதிராளிக்குப் பதினேழு வயது.

மூன்று செட் ஆடித் தோற்றாள். இரண்டே முக்கால் மணி நேரம். பாயின்ட் ஒன்றும் இல்லை. கோர்ட்டை விட்டு வெளியே வந்ததும் நேராகப் போட்டி அலுவலகத்துக்குப் போய், அடுத்த மாதத்துக்குப் பெயர் கொடுத்தாள்.