ஆனைக்குட்டத்துக்கு நடந்து வந்தவர்கள்

வைகாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, செல்வலட்சுமியைப் பின்தொடர்ந்தவர்கள் அத்தனை பேரும் திருத்தங்கலிலிருந்து ஆனைக்குட்டத்துக்கு நடந்தே போனார்கள். துணிமூட்டையோடு சாலையோரமாகப் போன அவர்களை இருக்கன்குடி கோயிலுக்குப் போகும் பக்தர்கள் என்று நினைத்து, ஆடித் திருவிழாவுக்கு இன்னும் நாளிருக்கிறதே என்று முணுமுணுத்தபடியே ஜனங்கள் மோர் கொடுத்தார்கள். கம்பளிக் குல்லாய் போட்ட வெளிநாட்டுக்காரர் ஒருவர் மட்டும் இரண்டாவது செம்புக்கும் கையை நீட்டினார்.

செல்வலட்சுமி பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு லேபிள் ஒட்டுகிறவள். அவள் கைபேசியில் எழுதிவந்த வலைத்தளத்துக்கு ஒரே முதலாளி கிடையாது. அங்கங்கே ஆட்கள் தங்கள் கணினியில் ஒரு குழுமம் வைத்து நடத்துவார்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கணக்கை மாற்றிக்கொள்ளலாம். திருத்தங்கல் குழுமத்தை அச்சக வேலைக்கு நடுவே நடத்திவந்த புகழேந்திக்கு அலுத்துவிட்டது.

"இனிமே இதைக் கட்டி மேய்க்க என்னால ஆகாதுக்கா. திங்கக்கிழமையோட மூடிருவேன். ஆனைக்குட்டத்து ஆளுக ஒண்ணு நடத்துறாக, அங்கன மாறிக்கோங்க. பின்தொடர்றவுக தானா வந்துருவாக. எழுதுனது எதுவும் வராது."

எழுதியதில்தான் அவள் உயிரே இருந்தது. வானத்தைப் படமெடுத்துப் போட்டாலும், வேன் வரவில்லை என்று திட்டினாலும், வேறொரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலந்த அவள் புருஷன் மாரிக்கண்ணன் கீழே "சாப்டியா புள்ள?" என்று எழுதிவிடுவான். போன சீசனில் அந்தக் கம்பெனி வெடித்து அவன் செத்துப்போனான். அதன்பிறகு தினமும் அதைப் படித்துவிட்டுத்தான் தூக்குச்சட்டியைத் திறந்தாள்.

படமாகச் சேமித்துக்கொள்ளலாமே என்றான் புகழேந்தி. "ஏற்கெனவே சுவத்துல ஒரு படம் தொங்குது, போதும்" என்றாள். அழுது ஓய்ந்து, திங்கட்கிழமை கணக்கை மாற்றும் பொத்தானை அமுக்கினாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஆனைக்குட்டம் அணைக்கரையில் போய் உட்கார்ந்தாள். நடந்து வந்த எல்லோருக்கும் கடைசியாக, கையில் வெள்ளி நிற வெடிமருந்து அப்பியபடி, அறுந்த செருப்பைத் தூக்கிக்கொண்டு மாரிக்கண்ணன் வந்தான். அவளைப் பின்தொடர்ந்துவந்த அவன் கணக்கைச் செத்த பிறகும் யாரும் அழித்திருக்கவில்லை. வாயைத் திறந்தான், பேச்சு வரவில்லை. அவன் சொல்லெல்லாம் திருத்தங்கலிலேயே நின்றுவிட்டது.

ஆச்சரியப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் தான் ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் நெஞ்சை அறுத்தது.

"சாப்டீகளா?"

இல்லையென்று தலையாட்டினான். தூக்குச்சட்டியைத் திறந்து பாதியை மூடியில் போட்டுக் கொடுத்தாள். புதன்கிழமையிலிருந்து கம்பெனி வேனில் அவனுக்கும் சேர்த்து இடம் பிடிக்கிறாள்.