ஐம்பதாவது ஊசி

வகுப்பில் அவளுக்கு வைத்த பெயர் கொசு. ரத்தம் எடுக்கப் பழக வந்த பன்னிரண்டு பேரில் அவள்தான் ஆள் சிறுத்தவள். யார் கை நீட்டினாலும் முதலில் ஊசியோடு போய் நிற்கிறவளும் அவள்தான். பிறகு வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஐம்பது பேருக்குச் சரியாக ரத்தம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பயிற்சி மேடத்திடம் கையெழுத்து வாங்கினால் சான்றிதழ். சான்றிதழ் வந்தால் இதே ஆஸ்பத்திரியில் வேலை, பெண்கள் விடுதியில் ஒரு கட்டில். அந்தக் கட்டிலுக்காகத்தான் அவள் இத்தனை பாடும் பட்டாள். நாற்பத்தொன்பது முடிந்திருந்தது.

புருஷன் வேன் ஓட்டுகிறவன். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று ஒரு பழமொழி சொல்கிறார்களே, அதை முதலில் சொன்னவன் வாழ்நாளில் ஒரு அடி வாங்கியிருக்க மாட்டான். இவன் கை அடிக்க மட்டும்தான் நீண்டது. அவள் படிக்கப் போனது அவனுக்கு ஒருவிதத்தில் வசதியாகப் போயிற்று. மாணவிகள் ஒருவர் கையில் ஒருவர் குத்திப் பழகுவார்கள். முழங்கை மடிப்பெல்லாம் கன்றிக் கிடக்கும். அவன் அந்த இடமாகப் பார்த்து முறுக்கினான், மிதித்தான். "யாராவது கேட்டா கிளாஸ்ல குத்தினதுன்னு சொல்லு" என்றான். அவளும் அப்படியே சொல்லி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள்.

நம்பாதவள் ஒருத்திதான், அவளுக்கு ஜோடியாக உட்கார்ந்தவள். ஊசி முனை பட்டதும் நழுவி ஓடுகிற நரம்பு அவளுக்கு. அதனால் அவள் பெயர் விலாங்கு. அந்த நரம்பைப் பிடிக்கப் போய்க் கொசு அவள் கையைச் சல்லடையாக்கியிருந்தாள். முதல் வாரத்தில், ஒருவழியாக ரத்தம் வந்த சந்தோஷத்தில், மேல்கையில் இறுக்கிக் கட்டிய ரப்பர் பட்டையை அவிழ்க்காமலே ஊசியை உருவிவிட்டாள். ரத்தம் பீய்ச்சி அடித்து மேடத்தின் மூக்குக்கண்ணாடி வரைக்கும் தெறித்தது. அன்றிலிருந்து ஊசி உள்ளே போன மறுநிமிஷமே விலாங்கு கேட்பாள், "பட்டைய அவுத்தியாடி?" அவிழ்த்த பிறகும் கேட்பாள். குறும்புக்காரி.

ஒருநாள் கொசுவின் கையைத் திருப்பிப் பார்த்தாள். "இது ஊசி பட்டுக் கன்னிப்போனது இல்ல. அஞ்சு விரல் தெரியுது. ஊசிக்குக் கட்டைவிரல் உண்டா?"

"வாய மூடு."

"நான் மூடுறேன். நீ எப்ப தொறப்ப?"

கடைசி நாள் காலையில் வீட்டில் அவன் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தான். அவள் செருப்பு மாட்டுவதைப் பார்த்தான். "வேலை கெடச்சா திரும்பி வரமாட்டல்ல?"

"வரமாட்டேன்" என்றாள் அவள். அந்தச் சொல் எப்படித்தான் வந்ததோ, அவளுக்கே தெரியவில்லை. அவன் அவள் பின்கழுத்தைப் பிடித்து முகத்தைக் கதவுச் சட்டத்தில் மோதினான். இரண்டு தடவை. மூன்றாவதற்குள் அவள் அவன் கையைக் கடித்து உதறிவிட்டு ஓடினாள். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்த விலாங்கு அவள் கிழிந்த உதட்டைப் பார்த்தாள். தன் பையிலிருந்து ஒரு முகக்கவசத்தை எடுத்துக் கொடுத்தாள். "நீ உள்ள போ. நான் கொஞ்ச நேரம் இங்கயே நிக்கிறேன்" என்றாள்.

பத்து மணிக்கு வாசல் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. பிறகு அலறல். சற்று நேரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் ஒருவனை அவசரப் பிரிவுக்கு இழுத்து வந்து, கட்டில் கம்பியோடு கையை விலங்கிட்டார்கள். அவன் சட்டையெல்லாம் ரத்தம். அதில் அவன் ரத்தம் ஒரு சொட்டும் இல்லை.

"குடிச்சிட்டு வேன ஏத்திட்டான் மேடம்" என்றார் பெரிய போலீஸ்காரர். "உங்க கோட்டுப் போட்ட பொண்ணு ஒண்ணு வழிமறிச்சு, 'அவ வரமாட்டா, போங்க'ன்னு சொல்லியிருக்கு. இடிச்சுத் தள்ளினவன் வண்டியப் பின்னால எடுத்து மறுபடியும் ஏத்தியிருக்கான்."

வாசலில் நின்றவள் விலாங்கு என்று கொசுவுக்குத் தெரியும். கட்டிலில் கிடந்தவன் அவள் புருஷன் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. மேடத்துக்கும் தெரியாது. "ரத்தத்துல சாராயம் பார்க்கணும். உன்னோட ஐம்பதாவது இதுதான். கவனமா எடு" என்று ஊசித் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, மேடம் போலீஸ் தாளில் எழுதக் குனிந்தார்.

அதுவரை காட்டுக்கத்தல் கத்திக்கொண்டிருந்தவன் அவளைக் கண்டதும் அடங்கிப்போனான். "ஸ்பிரிட்டால தொடைச்சு விடு" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "வீட்ல சத்தம் போட்டுத்தானே படிச்ச? நானும் கேட்டேன். ஸ்பிரிட் பட்டா கேஸ் நிக்காது. பழக்கத்துல தொடைச்சிட்டேன்னு சொல்லு, புதுசுன்னு விட்டுடுவாங்க. இல்ல, அடுத்தது நீதான்."

பாவி, படித்தவளைவிட நன்றாகப் படித்து வைத்திருந்தான். ஸ்பிரிட்டும் சாராயத்தின் இனம்தான். அது ஊசி முனையில் கலந்துவிட்டால், அவன் குடித்தது எது, தோலில் தடவியது எது என்று வக்கீல் கேட்பான். சோப்புத் தண்ணீரால்தான் துடைக்க வேண்டும்.

கொசு தன் கையைப் பார்த்தாள். ஸ்பிரிட் பஞ்சு ஏற்கெனவே விரலிடுக்கில் இருந்தது. நாற்பத்தொன்பது தடவை செய்த கை, கேட்காமலே எடுத்துவிட்டிருந்தது. அதைத் தூக்கி வாளியில் எறிந்தாள். சோப்புப் பஞ்சை எடுத்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பெண்டாட்டி எடுத்த ரத்தம் எந்த நீதிமன்றத்தில் செல்லும்? வீட்டுச் சண்டையில் ஏதோ கலந்துவிட்டாள் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஐம்பதாவது கையெழுத்தும் விடுதிக் கட்டிலும் அந்த ஊசியில்தான் இருந்தன. அந்த ஊசியைப் போட்டால் இவன் தப்பிவிடுவான்.

முகக்கவசத்தைக் கழற்றினாள். "மேடம், நான் எடுக்கக் கூடாது. இவரு என் புருஷன்."

அவன் காலைத் தூக்கி அவள் விலாவில் உதைத்தான். தட்டு பறந்தது, டியூப்கள் சுவரில் பட்டு நொறுங்கின, அவள் அந்தக் கண்ணாடித் தூளிலேயே விழுந்தாள். இரண்டு போலீஸ்காரர்களும் அவன் கால்மேல் ஏறி உட்கார்ந்து அழுத்த வேண்டியிருந்தது. மேடம் கையுறை மாட்டினார். புதுத் தட்டு எடுத்து, சோப்புத் தண்ணீரால் துடைத்து, ஒரே குத்தில் எடுத்து, போலீஸ்காரர் கண்முன் முத்திரை வைத்த பிறகுதான் திரும்பினார். "உன் உதடு?"

"கதவுல வச்சு மோதினாரு. கையில இருக்கிறதெல்லாம் கிளாஸ்ல குத்தினதுன்னு சொன்னேனே மேடம், பாதி கிளாஸ்ல பட்டதே இல்ல."

"எழுதிக்குங்க" என்றார் மேடம் போலீஸ்காரரிடம். "ஒண்ணு விடாம எழுதிக்குங்க."

அதற்குள் பக்கத்து அறையிலிருந்து நர்ஸ் ஓடிவந்தாள். "அந்தப் பொண்ணுக்கு உடனே ரத்தம் ஏத்தணும் மேடம். என்ன வகைன்னு பார்க்கச் சாம்பிளே வரமாட்டேங்குது. நாலு தடவை குத்தியாச்சு, நரம்பு ஓடுது."

கொசு விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அந்த நரம்பு எனக்குத் தெரியும்."

விலாங்கின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே கொசு பார்க்கவில்லை. இடது கையை எடுத்தாள். தான் குத்திப் பழகிய பழைய தழும்புகள் வரிசையாக இருந்தன. பட்டையைக் கட்டினாள். கட்டைவிரலால் தோலைக் கீழே இழுத்துப் பிடித்து, நரம்புக்கு நேரே குத்தாமல் சுண்டுவிரல் பக்கம் ஒரு நூல் தள்ளிக் குத்தினாள். அந்தத் திருட்டு நரம்பு எப்போதும் அந்தப் பக்கம்தான் ஓடும். ஓடிவந்து ஊசியில் மாட்டியது. டியூப் கறுப்பாக நிறைந்தது. நர்ஸ் "அப்பாடா" என்றாள். கொசுவுக்கு அழுகை பொங்கிக் கண்ணை மறைத்தது. ஊசியை உருவக் கை போனது.

விலாங்கின் உதடு அசைந்தது. கண் திறக்கவில்லை.

"பட்டைய… அவுத்தியாடி?"

கொசு குனிந்து பார்த்தாள். அவிழ்க்கவில்லை.

அவிழ்த்தாள். பிறகு ஊசியை உருவிப் பஞ்சை அழுத்தினாள். ஒரு சொட்டுக்கூட வீணாகவில்லை. பெயர் ஒட்டிய டியூபை வாங்கிக்கொண்டு மேடமே ரத்த வங்கிக்கு ஓடினார். கொசு பஞ்சிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"அவுத்துட்டேன்டி" என்றாள். "இன்னொரு தடவை கேளு."